மூன்று ஆணிகளும் ஒரு தாங்கியும்

பிப்ரவரி மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் மூடுபனி, எட்டு மணிக்கு மேல் இளவெயில், நண்பகலில் வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, மருத்துவமனையின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில், வெள்ளைப் போர்வையால் முழுவதும் மூடிய நீளமான ஒன்றை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி நால்வர் தள்ளிக்கொண்டு வந்தனர். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றனர். ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“பாவம், ரொம்ப உயரமான மனுஷன் போல” என்று ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

ஸ்ட்ரெச்சர் எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தது. கதவு மூடியதும் உள்ளேயிருந்து கைதட்டலும் சிரிப்பும் கேட்டன. அந்த அம்மாள் வெலவெலத்துப் போனார்.

“என்ன ஜனங்கப்பா இவங்க! கொஞ்சம்கூட ஈவிரக்கம் இல்லையா?”

போர்வைக்குள் இருந்தது பிணம் அன்று, தொலைநோக்கி. அந்த அறையில் பணிக்குச் சேர்ந்து அன்றோடு இருபத்தைந்து ஆண்டுகளை எட்டிய ஒரு பெண்மணிக்கு உடன் பணியாற்றுவோர் சேர்ந்து வாங்கிய பரிசு அது.

அப்பெண்மணிக்கு வயது ஐம்பத்தொன்று. “மூச்சை இழுங்க… பிடிங்க… அசையாதீங்க… ம், விடுங்க” என்னும் நான்கு கட்டளைகளை நாளொன்றுக்கு அறுபது எழுபது முறை சொல்லிச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டது. மருத்துவமனையில் அனைவருக்கும் அவர் மூச்சக்கா. கடைத்தெருவில் அவரை எதிரே கண்டால் பழைய நோயாளிகள் சிலர் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒரு கேலி உண்டு. அது முழுவதும் கேலியும் அன்று. ஒருநாள் காய்கறிக் கடைக்காரர் எடைபோடும் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு நின்றதை அவரே கண்டிருக்கிறார்.

எக்ஸ்ரே ஃபிலிம்களை இருட்டறையில் திரவத்தில் கழுவிக் கொடியில் காயப்போட்ட காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கணினித் திரையில் எலும்பு பளிச்சென்று தோன்றும் காலம் வந்த பிறகும் அவருடைய முறை மாறவில்லை. நோயாளியின் தோளை ஒருமுறை தொட்டுச் சரிசெய்வார். தலைக்கு ஒரு மணல்மூட்டை, முழங்காலுக்கு ஒரு பஞ்சுத்திண்டு வைப்பார். அதன் பிறகே பொத்தானை அழுத்துவார். அவர் எடுத்த படத்தை மறுமுறை எடுக்கச் சொல்லி எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பியதாக வரலாறு இல்லை.

அவர் எடுத்தவற்றுள் அவருக்கே பிடிக்காத படம் ஒன்று உண்டு. அது அவருடைய கணவரின் முதுகெலும்பு.

கணவர் சரக்குலாரி ஓட்டியவர். இருபத்திரண்டு ஆண்டுகள் இரவு வண்டி. முதுகெலும்பின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும் ஒரு வாதநோய் அவரை மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டது. மூச்சக்கா எடுத்த படத்தில் அந்த முதுகெலும்பு கணுக்கள் தெரியும் மூங்கில் கழிபோல் ஒரே துண்டாக நின்றது. கழுத்தும் முன்பக்கமாக வளைந்து இறுகிவிட்டது. அவர் வலியின்றி நடப்பார், உண்பார், வாய் ஓயாமல் பேசுவார். தலையை நிமிர்த்த மட்டும் அவரால் இயலாது. அவர் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“கட்டில்ல மல்லாந்து படுங்களேன், ஜன்னல் வழியா பாக்கலாம்” என்று மூச்சக்கா முதலில் சொல்லிப் பார்த்தார்.

“படுத்துப் பாத்தாச்சு. மல்லாந்தாலும் என் கண்ணு என் கால் கட்டைவிரலைத்தான் பாக்குது. அதுல நட்சத்திரம் எதுவும் இல்ல.”

ஓராண்டுக்கு முன்பு, ஒரு மாலையில், முற்றத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, அவர் மடியில் ஒரு முகக்கண்ணாடியை மல்லாக்க வைத்தார் மூச்சக்கா. கண்ணாடிக்குள் நிலவு வந்து நின்றது. கணவர் பத்து நிமிடம் வாய் திறக்கவில்லை. அவர் பத்து நிமிடம் பேசாதிருப்பது அந்த வீட்டில் செய்தித்தாளில் போடவேண்டிய நிகழ்ச்சி.

“மூணு ஆணி தெரியுமா இதுல?” என்று பிறகு கேட்டார்.

ஒரே வரிசையில் அடித்த ஆணிகள்போல் மின்னும் மூன்று நட்சத்திரங்களுக்கு அவர் இட்ட பெயர் அது. குளிர்கால இரவுகளில் லாரியின் முன்கண்ணாடி வழியே அவருக்குத் துணை வந்தவை அவையே. முற்றத்துக் கண்ணாடியில் அவை மங்கலாகத் தெரிந்தன. ஆனால் அவர் தேடியது அதற்கும் கீழே இருந்த ஒன்றை.

“அந்த மூணுக்குக் கீழே பூசினாப்ல ஒண்ணு இருக்கும். நட்சத்திரமும் இல்ல, மேகமும் இல்ல. அது என்னன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே வண்டியை விட்டு இறங்கிட்டேன்.”

கண்ணாடியில் அது தெரியவில்லை. அதைப் படமெடுத்து அவர் பார்வை விழும் இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவது என்று மூச்சக்கா அன்றே முடிவு செய்தார். வாழ்நாள் முழுவதும் கண்ணுக்குத் தெரியாதவற்றைப் படமெடுத்தவர்க்கு அது இயலாத செயலாகத் தோன்றவில்லை. தம்பி கொடுத்த பழைய கேமரா ஒன்று வீட்டில் இருந்தது. தொலைநோக்கி ஒன்றுதான் வேண்டும் என்று எண்ணினார்.

மூக்குக்கண்ணாடி விற்கும் கடையொன்றில், பின்பக்கத்து அறையில், தொலைநோக்கிகளும் இருந்தன. கடைக்காரர் மெலிந்த மனிதர்; பேசும்போது தம் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

“இது எத்தனை மடங்கு பெரிசாக்கும்?” என்று மூச்சக்கா கேட்டார்.

“மேடம், நீங்க பாக்கப் போறீங்களா, படம் எடுக்கப் போறீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. பாக்கறதுக்கு மேல இருக்கிற குழல் முக்கியம். படம் எடுக்கறதுக்குக் கீழ இருக்கிற தாங்கி முக்கியம். நட்சத்திரம் ஒரு இடத்துல நிக்காது. பூமி சுத்திக்கிட்டே இருக்கு. உங்க கேமரா ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும். அந்த ஒரு நிமிஷமும் தாங்கி அதே வேகத்துல, ஆடாம, குலுங்காம கூடவே திரும்பணும். பத்துக் கிலோ தாங்கும்னு எழுதியிருந்தா, படம் எடுக்க அஞ்சுன்னு நினைச்சுக்குங்க. முதல்ல தாங்கியை வாங்குங்க. மிச்சத்துக்கு என்ன குழல் கிடைக்குதோ அது போதும்.”

மூச்சக்கா தம் கைப்பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்: தாங்கி கனமானது வேண்டும். குழல் சிறியது போதும். இரண்டாம் வரியின் கீழ்க் கோடும் இட்டார். ஏழு மாதங்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக்கொண்டும், ஓய்வு நேரத்தில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டும் இருந்தார்.

அந்தக் கோடுதான் வினையாக முடிந்தது. பக்கத்து ஸ்கேன் அறையில் பணியாற்றும் பெண் ஒருத்தி இருந்தாள். மூச்சக்காவுக்குப் பத்து வயது இளையவள். ஸ்கேன் தங்கச்சி என்று அழைப்பார்கள். குறிப்பேடு மேசைமேல் திறந்து கிடந்த ஒருநாள் அவள் அந்த வரிகளையும், அவற்றுக்கு மேலே இருந்த ‘தொலைநோக்கி’ என்னும் தலைப்பையும் கடைப் பெயரையும் படித்துவிட்டாள். ‘சிறியது போதும்’ என்னும் சொற்கள் அவள் நெஞ்சைத் தைத்தன. நேரே தலைமை டெக்னீஷியனிடம் சென்றாள். ஆறடி உயரமும் அதற்கேற்ற குரலும் உடைய அவரைத் துறையில் அனைவரும் அண்ணன் என்பார்கள்.

“அண்ணே, பாவம் அக்கா. ஆசை இருக்கு, கையில இல்ல. சின்னது போதும்னு எழுதி மனசைத் தேத்திக்கிட்டு இருக்காங்க. நாம பெரிசா வாங்கிக் குடுத்துடலாம்.”

அந்தத் துறையினர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. அவர்கள் உலகில் பெரிய இயந்திரமே நல்ல இயந்திரம். பழைய ஸ்கேன் கருவி போய் அதைவிட இரு மடங்கு பெரியது வந்தபோது துறை முழுவதும் இனிப்பு வழங்கியது. அந்த வழக்கத்தின்படியே எட்டுப் பேர் சேர்ந்து அதே கடைக்குச் சென்றனர். அன்று கடைக்காரர் வெளியூர் போயிருந்தார். கல்லாவில் அவருடைய மச்சான் இருந்தார்.

“இருக்கறதுலயே பெரிசு எதுவோ அதைக் குடுங்க” என்றார் அண்ணன்.

மச்சானும் கொடுத்துவிட்டார். அண்டாவை நீளவாக்கில் இழுத்துவிட்டாற்போன்ற குழல். அதன் கீழே நாரைக்கால்போல் மூன்று கால்கள்.

போர்வையை விலக்கியபோது மூச்சக்காவின் கண்கள் கலங்கின. அவற்றைக் கண்ட எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டனர். கலங்கியதற்குக் காரணம் நன்றிதான், அதில் ஐயமில்லை. எவரும் அவருக்காக இவ்வளவு பெரிய பொருளை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததில்லை. ஆனால் அதே கணத்தில் அவருடைய தேர்ந்த கண், அந்த மூன்று கால்களின் பருமனையும் குழலின் பருமனையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டது.

“எப்படிக்கா இருக்கு?” என்றாள் ஸ்கேன் தங்கச்சி.

“எனக்குப் பேச்சே வரலம்மா” என்றார் மூச்சக்கா. அது உண்மை.

அன்று மாலையே பதினான்கு படிகள் ஏறி மொட்டைமாடியில் அதை நிறுத்தினார். மேற்கே இளம்பிறை. கண்ணை வைத்துப் பார்த்தவர் “ஐயோ!” என்று வாய்விட்டுக் கூவினார். பிறையின் ஓரத்தில் குழிகளும் மேடுகளும் நிழலோடு நின்றன. கீழே ஓடிவந்து, கண்டதையெல்லாம் மூச்சிரைக்கச் சொன்னார். கணவர் தலை கவிழ்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லு, சொல்லு. நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். மூச்சக்காவுக்கு அது சுருக்கென்றது. தலையை நிமிர்த்தாமல் அந்தக் குழலில் கண் வைக்க முடியாது; தமக்குக் கிடைத்த காட்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு வேண்டியது படம்.

கேமராவை மாட்டினார். படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புழுவாக நெளிந்தது. தாங்கியின் மோட்டார் அந்தப் பெருங்குழலைச் சுமக்க மாட்டாமல் திக்கித் திக்கித் திரும்பியது. காற்று இலேசாக வீசினாலே குழல் கப்பற்பாய்போல் அதை வாங்கிக்கொண்டது. அடுத்தநாள் முக்காலியின் நடுவில் தண்ணீர்க்கேன் ஒன்றைத் தொங்கவிட்டார். அதற்கடுத்தநாள் கால்கள்மீது செங்கற்களை அடுக்கினார். பிறகு மருத்துவமனைப் பழக்கத்தில் மணல்மூட்டைகள் தைத்துக் கட்டினார். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறரைப் பிடிக்கச் சொன்ன மூச்சை, ஆறு மாலைகள் அந்தத் தொலைநோக்கியின் அருகில் தாமே பிடித்துக்கொண்டு நின்றார். புழுக்கள் சற்றே குட்டையாயின. அவ்வளவுதான்.

நாள்களும் நிற்கவில்லை. மூன்று ஆணிகள் மார்ச் கடந்தால் நாளுக்கு நாள் மேற்கே தாழ்ந்துவிடும். பிறகு அடுத்த குளிர்காலத்தில்தான் மாலை வானில் ஏறும். பெட்டியோடு வந்த சீட்டில், பதினைந்து நாள்களுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தது. மாற்றினால் எட்டுப் பேரின் முகம் வாடும். மாற்றாவிட்டால் அந்த ஒரு படம் கிடைக்கவே கிடைக்காது. மூச்சக்கா அந்தச் சீட்டை மடித்து அரிசிடப்பாவின் அடியில் வைத்தார். கண்ணில் படாமலிருந்தால் மனமும் சும்மா இருக்கும் என்று நினைத்தார். மூன்று வேளையும் சமைக்கும் வீட்டில் அது நல்ல மறைவிடம் அன்று.

“விடு, இருக்கட்டும்” என்றார் கணவர். “ஆசையா குடுத்திருக்காங்க. திருப்பினா மனசு நோகும். எனக்கென்ன குறை? கீழே பாக்கறதுக்கே நிறைய இருக்கு. தெருவுல யார் சாவியைத் தொலைச்சாலும் நான்தான் கண்டுபிடிக்கிறேன்.”

மூச்சக்கா சிரித்தார். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சிறிது நேரம் வெறுமனே நின்றார்.

ஸ்கேன் தங்கச்சியோ நாள்தோறும் நச்சரித்தாள். “படம் எங்கக்கா? எட்டுப் பேரும் கேக்கறாங்க. எங்களுக்குக் காட்டக் கூடாதா?” பொறுக்கமாட்டாமல், இருப்பவற்றுள் சற்றுத் தெளிவான படமொன்றை இருபத்தாறாம் தேதி மூச்சக்கா கொண்டுபோனார். ‘ஆரம்பம்தானே, போகப் போக நல்லா வரும்’ என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்பது எண்ணம். எலும்புப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் அறையின் பெரிய திரையில் அதைத் திறந்தார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் நெளிந்தன. தங்கச்சியும் மற்றவர்களும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டனர்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். கையில் தேநீர்க் குவளை. திரையில் இருப்பது என்னவென்று அவர் கேட்கவில்லை. ஒரு நொடிதான் பார்த்தார்.

“பேஷண்ட் அசைஞ்சிருக்கார். ரிப்பீட் எடுங்க” என்று சொல்லிவிட்டுத் தம் இருக்கையை நோக்கி நடந்தார்.

அறை கொல்லென்று சிரித்தது. அண்ணன் விழித்தார். “என்ன? அசைஞ்சிருக்கா இல்லையா? இதை டாக்டர் பாத்தா நம்ம காதைப் பிடிச்சுத் திருகுவார்.”

மூச்சக்காவும் சிரிக்கத்தான் முயன்றார். ஆனால் தாம் தயாரித்து வைத்திருந்த பொய் அந்தத் திரையின் முன்னால் நாவில் ஏறவில்லை. அந்த அறையில் அவர் ஒருநாளும் மங்கிய படத்தைத் தெளிவான படம் என்று சொன்னதில்லை.

“பேஷண்ட் அசையல அண்ணே” என்றார் மெதுவாக. “மேசைதான் அசைஞ்சிருக்கு.”

சிரிப்பு நின்றது. தாங்கியின் கதை, ஆறு மாலைகள், தண்ணீர்க்கேன், செங்கல் எல்லாவற்றையும் அவர் சொன்னார். சொல்லும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் ஒருமுறை நன்றி சொன்னார். கணவரைப் பற்றியும் முதன்முறையாக அங்கே சொன்னார். அவர் தலை நிமிர்ந்து வானம் பார்த்து ஆறு ஆண்டுகளாயின என்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

ஸ்கேன் தங்கச்சியின் முகம் சிவந்துவிட்டது. “அப்போ ‘சின்னது போதும்’னு எழுதினது…?”

“சின்னது போதும்னுதாம்மா எழுதினேன். சின்னதுதான் வேணும்.”

“நான் ஒரு மண்டு அக்கா! கையில இல்லாம எழுதினீங்கன்னு நினைச்சு அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்!”

“எனக்காக அழுதியா? அது பெரிசில்லையா?” என்று மூச்சக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் தேநீரை மேசைமேல் வைத்தார். “இத்தனை பேர் இருக்கோம், ஒருத்தனுக்குக்கூடத் தோணலையே! கைக்குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கறப்ப நாம பெரிய மெஷினையா தேடறோம்? குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கறதுக்கு ஆள்தானே தேடறோம்! சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வாங்க. அந்த அண்டாவைக் கொண்டுபோய்க் குடுத்துட்டுக் கெட்டியாப் பிடிக்கிறதை வாங்கிட்டு வருவோம்.”

ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சை மூச்சக்கா அப்போதுதான் விட்டார்.

சனிக்கிழமை, அண்ணனின் காரில் குழல் பின்கண்ணாடி வழியே தலையை நீட்டிக்கொண்டு பயணம் செய்தது. கடைக்காரர் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். நடந்ததைக் கேட்டதும் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்யா, என்ன செய்யப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“பெரிசு கேட்டாங்க, குடுத்தேன். எட்டுப் பேர் வந்து நின்னா நான் என்ன பரீட்சையா வைக்க முடியும்?” என்றார் மச்சான்.

கடைக்காரர் மூன்று தாங்கிகளை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொன்றின்மீதும் ஒரே சிறுகுழலை மாறி மாறிப் பொருத்தி, தெருக்கோடியிலிருந்த கம்பத்தின் நுனியைப் பார்க்கும்படி திருப்பினார். “குழலை விரலால ஒரு தட்டுத் தட்டுங்க, மேடம். ஆட்டம் நிக்கற வரைக்கும் எண்ணுங்க.”

இது மூச்சக்காவின் சொந்தத் தொழில். கண்ணை வைத்து, தட்டி, தமக்குள் எண்ணினார். முதல் தாங்கியில் ஏழு எண்ணும்வரை கம்பம் நடுங்கியது. இரண்டாவதில் நான்கு. மூன்றாவது, இரும்பு முழங்கைபோல் மடங்கிக் கிடந்த கனத்த தாங்கி. அதில் ஒன்று எண்ணி முடிப்பதற்குள் கம்பம் சிலையாகிவிட்டது.

“இதுதான்” என்றார்.

“பொறுங்க. இதை மாடிக்குத் தூக்கிட்டுப் போறது யாரு?”

“நான்தான்.”

“தூக்க முடியாம வீட்டு மூலையில உக்காந்துட்டா, உலகத்துலயே நல்ல தாங்கியா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதோ பரண் படி இருக்கு, தூக்கிப் பாருங்க.”

மூச்சக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். முக்காலியை ஒருமுறை, தாங்கியை ஒருமுறை, குழலை நடுநிலையில் நிறுத்தும் இரும்பு எதிரெடைகளை ஒருமுறை என்று மூன்று நடையாகப் பரணுக்கு ஏற்றி இறக்கினார். எட்டுப் பேரும் மச்சானும் படியருகில் நின்று எண்ணினார்கள்.

“தொண்ணூறு கிலோ ஆளையே புரட்டிப் போடற கைங்க அது” என்று அண்ணன் தம் தங்கை மேடையேறியதுபோல் பெருமை பேசினார்.

தாங்கிக்குப் போக மிஞ்சியதற்கு, முழங்கை நீளமே உள்ள ஒரு சிறுகுழல்தான் வந்தது. அது குறிப்பேட்டில் எழுதியிருந்ததைவிடவும் சிறியது. ஸ்கேன் தங்கச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “இதுக்காக்கா ஸ்ட்ரெச்சர் வெச்சோம்? கைப்பையிலயே வந்திருக்குமே!”

அதன் பிறகு நடந்தவை, முழுநிலவு கழிந்து வானம் இருண்டபின் கிடைத்த பதினொரு மாலைகளின் கதை. முதல் மாலை, தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப முயன்றபோது, வடக்கே தண்ணீர்த்தொட்டி மறைத்தது. அனைத்தையும் மாடியின் மறுமூலைக்கு மாற்றினார். இரண்டாம் மாலை மேகம். மூன்றாம் மாலை எதிர்வீட்டுத் தையற்காரர் முற்றத்தில் போட்டிருந்த பெரிய விளக்கு படத்தை வெளுக்கச் செய்தது. மூச்சக்கா தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார்.

“தினம் ஒரு மணி நேரம் அணைச்சிடறேம்மா. இருட்டுல என்னால ஊசி கோக்க முடியாது, நீங்க நட்சத்திரத்தைக் கோத்துக்குங்க” என்றார் அவர். சொன்னபடியே அம்மாதம் முழுவதும் அணைத்தார்.

ஒவ்வொரு மாலையும் முக்காலியைப் புதிதாக நிறுத்திச் சமன் பார்ப்பதிலேயே பாதிப் பொழுது கழிந்தது. ஐந்தாம் மாலை, முதுகுக்குப் பின்னால் மெல்லிய காலடியோசை கேட்டது. கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பதினான்கு படிகளையும் கால்மணி நேரத்தில் ஏறி வந்திருந்தார். கையில் பெயின்ட் டப்பாவும் தூரிகையும் இருந்தன.

“ஏங்க, எதுக்கு ஏறினீங்க? விழுந்து வெச்சா?”

“சும்மா இரு. கீழே பாக்கற வேலைன்னா இந்தத் தெருவுல என்னை மிஞ்சின ஆள் கிடையாது.”

முக்காலியின் கால்கள் ஊன்றிய இடங்களைச் சுற்றி மூன்று வெள்ளை வட்டங்கள் வரைந்தார். தாங்கியின் அடியிலிருந்த சமன்காட்டியின் குமிழியை, “கொஞ்சம் இடது… போதும்… ஒரு மயிரிழை வலது” என்று படித்துச் சொன்னார். அன்றிலிருந்து அரைமணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தலைக்கு மேலே மூன்று ஆணிகள் எரிந்துகொண்டிருந்தன; அவர் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு படமாக நாற்பது ஐம்பது படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த மங்கல் ஒளி திரளும். எட்டாம் மாலை கேமராவின் ஃபோகஸ் தவறியது. ஒன்பதாம் மாலை எதிரெடையின் திருகை இறுக்க மறந்ததில் இருபது படங்கள் வீணாயின. பத்தாம் மாலையும் பதினோராம் மாலையும் அனைத்தும் அமைந்தன.

அந்தப் படம் இன்று எக்ஸ்ரே அறைக்கு வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கு எதிரே, கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. அதன் கீழே மூச்சக்கா கைப்பட எழுதிய எட்டுப் பெயர்களும், கடைக்காரர், மச்சான், தையற்காரர் ஆகியோரைக் குறித்த நன்றியும் உண்டு. மச்சானை எதற்குச் சேர்த்தார் என்று கேட்பவர்களிடம், “அவர் தப்பாக் குடுக்கலன்னா என் வீட்டுக்காரரைப் பத்தி இவங்ககிட்ட நான் வாயே திறந்திருக்க மாட்டேன்” என்பார்.

ஆனால் படத்தை முதலில் பார்த்தவர் கணவர்தான். மார்ச் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. சாப்பாட்டு மேசையருகே அவர் உட்கார்ந்திருந்தார். மூச்சக்கா மடிக்கணினியைத் திறந்து, அவர் பார்வை இயல்பாக விழும் இடத்தில், அவருடைய மடியிலேயே வைத்தார்.

கறுப்பு வானத்தில் ரோஜா நிற ஒளிமேகம் ஒன்று இரு சிறகுகளை விரித்து நின்றது. ஓரங்களில் நீலம். நடுவே வெண்மை. சுற்றிலும் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஊசிமுனையால் குத்தியதுபோல் சுத்தமான புள்ளி. கணவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். காபியில் ஆடை படிந்தது. மூச்சக்கா அருகில் உட்கார்ந்து காத்திருந்தார்.

“இதுவா அது?” என்று கடைசியில் கேட்டார்.

“இதுதாங்க. புது நட்சத்திரங்கள் பிறக்கிற வாயுமேகமாம்.”

“உன்கிட்ட சொன்னதில்ல. கண்ணாடியில அழுக்குன்னு நினைச்சு, மொத தடவை வண்டியை ஓரங்கட்டி இறங்கி, துணியால அழுத்தித் துடைச்சேன். ஏறி உக்காந்து பாத்தா அங்கயே இருக்கு. மறுபடி இறங்கித் துடைச்சேன். கிளீனர் என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. திரையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். மூச்சக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“மேல இந்த மாதிரி இன்னும் இருக்கா?”

“நிறைய இருக்குங்க.”

“அடுத்தது எப்ப எடுப்பே?”

“மேகம் இல்லன்னா, இன்னைக்குச் சாயங்காலம்.”